மாண்ட்கோமரி கவுன்டி: ஒரு குடும்பமும் ஒரு காலிக் கட்டமும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். ஊரும் பெயரும் மாறும், கதை அநேகமாக ஒன்றுதான். கொள்ளுத்தாத்தா மூடுவண்டியில் வந்தார். ஆளில்லாத புல்வெளியில் மரவீடு கட்டினார். காய்ச்சல், வெட்டுக்கிளி, பனிப்புயல் எல்லாவற்றையும் தாண்டி நிலத்தைத் தன்னுடையதாக்கினார். இப்படி வந்தவர்களை அங்கே 'பயனியர்' என்பார்கள். கவுன்டி நூலகத்தில் பழைய கவுன்டி வரலாறு என்று ஒரு கனமான புத்தகமும் பெரும்பாலும் கிடைக்கும். கதை அதிலும் அச்சாகியிருக்கும்.

இந்த மாதிரிக் கதையைப் பதிவேடுகளோடு ஒட்டிப் பார்த்தால் என்ன ஆகும்னு பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கு ஏற்கெனவே பலர் தோண்டிச் சலித்த குடும்பமாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு காகிதத்தையும் நாலு பேர் சரிபார்த்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் சார்ல்ஸ் இங்கல்ஸ் குடும்பத்தை விடப் பொருத்தமான குடும்பம் கிடைப்பது கஷ்டம். அவருடைய மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935-ல் எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' நாவலை நீங்கள் படித்திருக்கலாம். 1974 முதல் 1983 வரை ஓடிய டிவி தொடர் அதே பெயரை எடுத்துக்கொண்டது, கதையை மினசோட்டாவுக்கு நகர்த்திவிட்டது. நாவலில் வரும் புல்வெளி கான்சஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மாண்ட்கோமரி கவுன்டியில் இருக்கிறது.

முதலில் வம்சம். சார்ல்ஸ் 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். மனைவி கரோலின் குவைனர் 1839-ல் விஸ்கான்சினில் பிறந்தவர். இருவருக்கும் 1860-ல் கல்யாணம். மேலே போனால், இங்கல்ஸ் வழி இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து 1620-களின் கடைசியில் மாசசூசெட்ஸ் வந்த எட்மண்ட் இங்கல்ஸ் வரை போகிறது. சார்ல்ஸின் பாட்டி ஒரு டெலனோ. ஜனாதிபதி பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் பெயரில் இருக்கிற அதே டெலனோ. லாராவுக்கும் அவர் மகள் ரோஸ் வைல்டர் லேனுக்கும் ரூஸ்வெல்ட்டின் கொள்கைகள் சுத்தமாகப் பிடிக்காது என்பதால் இது ஒரு வேடிக்கை. இதற்கு மேல் வம்சாவளியில் எனக்கு ஆர்வமில்லை. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் பெரிய வேலை இல்லை. எந்த நிலத்தில், எந்த உரிமையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

நாவல் சொல்வது சுருக்கமாக இது. விஸ்கான்சின் காட்டில் கூட்டம் அதிகமாகிவிட்டது என்று அப்பா குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இண்டிபென்டன்ஸ் என்ற ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி வீடு கட்டுகிறார். பக்கத்தில் ஓசேஜ் பூர்வகுடிகள். ஒரு வருஷம் கழித்து, குடியேறிகளை வெளியேற்ற ராணுவம் வருகிறது என்ற செய்தி கிடைக்கிறது. அப்பா கோபத்தோடு வீட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறார். தூரம், சிறுமியின் வயது, கிளம்பிய காரணம் மூன்றையும் சோதிக்க முடியும்.

நம்பி ஏமாந்தவர்களில் முதல் ஆள் லாராவேதான். அவர் கான்சஸில் இருந்தபோது இரண்டிலிருந்து நாலு வயதுக்குள். 1867 பிப்ரவரியில் பிறந்தவர். குடும்பம் 1869 இலையுதிர்காலம் வாக்கில் வந்து 1871 வசந்தத்தில் போய்விட்டது. ஆக, நாவலில் எல்லாவற்றையும் கூர்ந்து கவனிக்கும் அந்தச் சிறுமி நிஜத்தில் கைக்குழந்தையைத் தாண்டி ஒரு படி. அவர் எழுதியது பெரும்பாலும் அப்பா அம்மா சொன்ன கதை. எழுதும்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. இடத்தைப் பார்த்துவிடலாம் என்று 1933 வாக்கில் மகளோடு காரில் போய்த் தேடினார். இண்டிபென்டன்ஸிலிருந்து நாற்பது மைல் தெற்கே போனால் கான்சஸ் முடிந்துவிடும், ஒக்லஹோமாவுக்குள் நிற்பீர்கள். அங்கேதான் தேடினார்கள். கிடைக்கவில்லை.

குடும்ப பைபிளில் விடை இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பைபிளில் எழுதி வைப்பார்கள். நம்ம ஊரில் பழைய டைரியின் கடைசிப் பக்கத்திலோ ஜாதக நோட்டிலோ எழுதி வைப்பது போல. லாராவின் தங்கை கேரி பிறந்தது 1870 ஆகஸ்ட் 3, இடம் மாண்ட்கோமரி கவுன்டி, கான்சஸ் என்று அதில் இருக்கிறது. பிறப்புப் பதிவை அரசாங்கம் கட்டாயமாக்காத காலத்தில் இந்த மாதிரி ஒரு வரி தங்கம். கவுன்டி பெயர் கிடைத்துவிட்டால் மீதியைப் பதிவேட்டில் தேடலாம்.

இங்கே சென்சஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1790 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை சென்சஸ். 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம். தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-ல்தான் வந்தது. 1890 தாள்களில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகி, பிறகு மிச்சமும் அழிக்கப்பட்டது. வம்சாவளி தேடுகிறவர்கள் இந்த ஒரு விபத்தைப் பற்றி மணிக்கணக்கில் புலம்புவார்கள். கான்சஸ் மாநிலம் தனியாக ஐந்தில் முடியும் வருஷங்களில் ஒரு சென்சஸ் எடுத்தது: 1865, 1875 என்று. இங்கல்ஸ் குடும்பம் 1865-க்குப் பிறகு வந்து 1875-க்கு முன்னால் போய்விட்டது. அதாவது இரண்டு வலையிலும் விழவில்லை. 1870 தேசிய சென்சஸ் ஒன்றுதான் அவர்களைப் பிடித்தது. ஒன்றரை வருஷம் இருந்த இடத்தில் அது ஒரு அதிர்ஷ்டம்.

கணக்கெடுப்பாளர் 1870 ஆகஸ்ட் நடுவில், கேரி பிறந்து இரண்டு வாரத்துக்குள், அந்தப் பக்கம் வந்தார். ரட்லண்ட் டவுன்ஷிப் தாளில் சார்ல்ஸ், கரோலின், மேரி, லாரா எல்லாரும் இருக்கிறார்கள். சார்ல்ஸுக்குத் தொழில் தச்சு வேலை.

ஆனால் பெயர் கிடைத்ததும் இடம் கிடைத்துவிடாது. புல்வெளியில் தெரு கிடையாது, கதவிலக்கம் கிடையாது. 1970-களில் மார்கரெட் கிளெமென்ட் என்ற உள்ளூர்ப் பெண்மணி இதைத் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணக்கெடுப்பாளர் குதிரையில் வீடு வீடாகப் போகிறவர். ஆகவே தாளில் அடுத்தடுத்து வரும் குடும்பங்கள் நிலத்திலும் அக்கம்பக்கம்தான் இருக்க வேண்டும். இங்கல்ஸ் நிலம் வாங்காமல் போய்விட்டார், ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் இருந்து வாங்கினார்கள். அவர்கள் நிலப் பதிவில் சரியான இடம் இருக்கிறது. அதையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால், நடுவில் யாருக்கும் ஒட்டாமல் ஓர் இடம் மிஞ்சும். ரட்லண்ட் டவுன்ஷிப்பின் 36-ஆவது செக்‌ஷனில் அப்படி ஓர் இடம் மிஞ்சியது. கையால் தோண்டிய பழைய கிணறு ஒன்றும் அங்கே இருந்தது. நாவலிலும் அப்பா கிணறு தோண்டுகிறார். இண்டிபென்டன்ஸிலிருந்து அந்த இடம் சுமார் 13 மைல். நாற்பது இல்லை. இப்போது அங்கே மாதிரி மரவீடு ஒன்று கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

செக்‌ஷன் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் கூட்டரசு நிலங்களைச் செஸ் போர்டு மாதிரி அளந்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், ஒரு குடும்பத்துக்கு. நம்ம சர்வே நம்பர், உட்பிரிவு மாதிரிதான். ஆறு, வாய்க்கால், வரப்பு எதையும் மதிக்காத சர்வே நம்பர்.

இப்போது அந்த சென்சஸ் தாளுக்குத் திரும்புவோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதில் இருக்கும் ஒரு விஷயத்துக்காக.

1870 தாளில் பெயர், வயது, பாலினம், நிறம், தொழில் ஆகியவற்றுக்கு அடுத்து சொத்து மதிப்புக்கு இரண்டு நெடுவரிசைகள். ஒன்று நிலபுலன், இன்னொன்று மற்ற உடைமை. இங்கல்ஸ் குடும்பத்துக்கு நிலபுலன் கட்டம் காலி. அவர்களுக்கு மட்டுமில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் அப்படியே. காரணத்தையும் கணக்கெடுப்பாளர் தாளில் குறித்துவிட்டுப் போனார்: நிலம் ஓசேஜ் மக்களுக்குச் சொந்தம், இங்கே இருப்பவர்களுக்கு அதில் உரிமை கிடையாது.

தரவுத்தளத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். பூஜ்யம் வேறு, 'நல்' வேறு. பூஜ்யம் என்றால் சொத்து இல்லை. காலி என்றால் அந்தக் கேள்வியையே இங்கே கேட்க முடியாது. வீடு கட்டியிருக்கிறார்கள், கிணறு வெட்டியிருக்கிறார்கள், உழுதிருக்கிறார்கள்; எழுத மட்டும் எதுவுமில்லை. புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதுவும் சரியில்லை. புறம்போக்கு என்றால் தனியாருக்குப் பட்டா இல்லாத நிலம். இதற்கு உடையவர்கள் இருந்தார்கள், அமெரிக்க அரசாங்கமே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு இருந்தார்கள்.

ஒப்பந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனால் அது இல்லாமல் எதுவும் விளங்காது. 1865-ல் ஓசேஜ் மக்கள் தங்கள் நிலத்தின் கிழக்குப் பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வடக்கில் ஒரு பட்டையும் போயிற்று. மிஞ்சியது கான்சஸின் தெற்கு எல்லையை ஒட்டிய நீளமான பட்டை. அதிகாரப்பூர்வப் பெயரே 'ஓசேஜ் குறுகிய ரிசர்வ்'. குறுகியது என்று பெயரிலேயே வைத்துவிட்டார்கள். மாண்ட்கோமரி கவுன்டி அதற்குள் விழுகிறது. 1868-ல் இன்னொரு ஒப்பந்தம் தயாரானது. சுமார் 80 லட்சம் ஏக்கரையும் ஒரே ரயில்வே கம்பெனிக்கு ஏக்கர் சுமார் 20 சென்ட் விலைக்கு விற்பது என்று. ஓசேஜ் தலைவர்கள் பெரும் நெருக்கடியில் கையெழுத்துப் போட்டார்கள். கான்சஸ் குடியேறிகள் கொதித்துவிட்டார்கள். ஓசேஜ் மக்களுக்கு அநியாயம் என்பதற்காக மட்டுமில்லை. ரயில்வேக்குப் போனால் தங்களுக்குக் கிடைக்காதே என்பதற்காகவும். செனட் அங்கீகாரம் கொடுக்கவில்லை, கடைசியில் ஜனாதிபதி கிராண்ட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்த இழுபறி நடக்கும்போதே ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இண்டிபென்டன்ஸ் ஊரே 1869-ல் ரிசர்வுக்குள் முளைத்தது. ஆரம்பத்தில் வைக்கோல் கூரை வீடுகள்தான், அதனால் 'வைக்கோல் ஊர்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. 1870 சென்சஸில் கவுன்டியின் ஜனத்தொகை ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டது. சட்டப்படி அதில் அநேகமாக யாருக்கும் அங்கே நிலவுரிமை இல்லை. ஆனாலும் கவுன்டி அமைக்கப்பட்டுவிட்டது, அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். ஓசேஜ் மக்கள் வேட்டைக்கு மேற்கே போயிருக்கும் மாதங்களில் குடியேறிகள் அவர்கள் வயலையும் வீட்டையும் எடுத்துக்கொண்டார்கள், ஓடைக்கரை மரங்களை வெட்டினார்கள். ஓசேஜ் மக்களுக்கான அரசாங்க ஏஜென்ட் ஐசக் கிப்சன், ஒரு குவேக்கர், இதையெல்லாம் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தலைவர்கள் சிலர் குடியேறிகளிடம் சின்னத் தொகை வசூலித்துக்கொண்டு இருக்க விட்டார்கள். நாவலில் ஓசேஜ் ஆண்கள் வீட்டுக்குள் வந்து சாப்பாடும் புகையிலையும் எடுத்துப் போவது பயமுறுத்தும் காட்சி. இந்தப் பின்னணி தெரிந்த பிறகு அதை வாடகை வசூலாகவும் படிக்கலாம். நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன்.

சரி, குடும்பம் ஏன் கிளம்பியது? இதில்தான் குடும்பக் கதையும் காகிதமும் நேருக்கு நேர் மோதுகின்றன. 1870 ஜூலை 15-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது: ஓசேஜ் மக்கள் தெற்கே இண்டியன் டெரிட்டரிக்கு, அதாவது இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போக வேண்டும். நிலம் குடியேறிகளுக்கு ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்கப்படும். பணம் ஓசேஜ் மக்களின் கணக்கில் சேரும். அந்த செப்டம்பரில் டிரம் கிரீக் என்ற இடத்தில் கூடி ஓசேஜ் மக்கள் இதை ஒப்புக்கொண்டார்கள். ஆக 1871 வசந்தத்தில், இங்கல்ஸ் வண்டி கட்டும்போது, சட்டம் குடியேறிகள் பக்கம் திரும்பி எட்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வட்டாரக் குடியேறிகளை அப்போது ராணுவம் வெளியேற்றியதாகப் பதிவில்லை. 160 ஏக்கருக்கு 200 டாலர் கட்டினால் போதும் என்ற நிலைமை.

விஸ்கான்சின் பக்கக் காகிதம் வேறு காரணம் சொல்கிறது. சார்ல்ஸ் 1868-ல் பெப்பின் பக்கத்து நிலத்தை குஸ்தாஃப் குஸ்தாஃப்சன் என்பவருக்குத் தவணைக்கு விற்றிருந்தார். அவரால் தவணை கட்ட முடியவில்லை. நிலம் சார்ல்ஸுக்கே திரும்பியது. கையில் பணம் வராது, அங்கே சொந்த நிலம் இருக்கிறது. அதனால் திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். நடுவில் மிசௌரியின் சாரிட்டன் கவுன்டியில் ஒரு நிலம் வாங்கித் திருப்பிக்கொடுத்த கதையும் இருக்கிறது, நாவலில் அது வாசனைக்குக்கூட இல்லை.

சட்ட வரலாற்றை விரிவாகப் படிக்க விரும்பினால், பென்னி லின்சன்மேயர் 2001-ல் 'கான்சஸ் ஹிஸ்டரி' இதழில் எழுதிய கட்டுரை இருக்கிறது. கரோலின் ஃப்ரேசரின் 'ப்ரெய்ரி ஃபயர்ஸ்' 2018-ல் புலிட்சர் வாங்கிய வாழ்க்கை வரலாறு.

இதைச் சொன்னால் லாரா ரசிகர்கள் சிலருக்குக் கோபம் வரும். லாரா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? தவணை வரவில்லை என்றா? வாஷிங்டன் நம்மை ஏமாற்றிவிட்டது என்ற பதிப்பு சொல்வதற்கும் நன்றாக இருக்கிறது, கேட்பதற்கும் நன்றாக இருக்கிறது. அறுபது வருஷத்தில் அதுதான் மிஞ்சும். எழுதும்போது லாரா சும்மா இருக்கவும் இல்லை, கடிதம் போட்டு விசாரித்தார். குடியேறிகளைக் காப்பாற்றிய ஓசேஜ் தலைவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு ஒக்லஹோமாவிலிருந்து ஒருவர் சோல்டா து ஷேன் என்று பதில் எழுதினார். நாவலில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அந்தப் பெயரில் நமக்குத் தெரிந்த ஓசேஜ் தலைவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆள். 1870 பதிவுகளில் அப்படி ஒரு தலைவர் இல்லை. விசாரித்து எழுதினாலும் விசாரிக்கப்பட்டவருக்குத் தெரிந்ததுதான் கிடைக்கும்.

நாவல் சரியாகப் பிடித்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குடும்பமே மலேரியாவில் விழுந்து கிடக்கும்போது டாக்டர் டான் என்ற கறுப்பின மருத்துவர் வந்து காப்பாற்றுகிறார். 1930-களில் எழுதப்பட்ட குழந்தைகள் புத்தகத்தில் அப்படி ஒரு பாத்திரம் அபூர்வம், கற்பனை என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே 1870 சென்சஸில், அதே வட்டாரத்தில், ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர் இருக்கிறார், பென்சில்வேனியாவில் பிறந்தவர். குடியேறிகளுக்கும் ஓசேஜ் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். 1909-ல் இறந்தார், இண்டிபென்டன்ஸின் மவுண்ட் ஹோப் கல்லறையில் அவருக்குக் கல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தே வருஷத்தில் வெள்ளைக்காரக் குடியேறிகளின் வீட்டுக்குள் போய் வைத்தியம் பார்த்த கறுப்பின டாக்டர். என்னைக் கேட்டால் அவரைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

அந்தத் தாளில் இருப்பவர்களைப் பார்த்தாயிற்று. இல்லாதவர்கள் யார்? நிலத்துக்குச் சொந்தக்காரர்கள்தான். வரி கட்டாத இண்டியன்களை எண்ண வேண்டாம் என்பது அரசியல் சட்டத்திலேயே இருந்த விதி. ஆகவே கணக்கெடுப்பாளர் வீடு வீடாகக் குதிரையை ஓட்டியபோது, ஓசேஜ் முகாம்களைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், எழுதவில்லை. ஆளில்லாத புல்வெளி என்ற நினைப்புக்கு இந்த மாதிரி ஆவணங்களும் ஒரு காரணம். நாவலின் முதல் பதிப்பில், அங்கே மனிதர்களே இல்லை, இண்டியன்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' ஆனது. திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். பதினெட்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் 1870-ல் மாண்ட்கோமரி கவுன்டியில் இருந்த ஓர் ஓசேஜ் குடும்பத்தின் வம்சத்தை எங்கே தேடுவது? முதலில் திருச்சபைப் பதிவேடுகள். 1847-ல் ஜெசூட் பாதிரியார்கள் தொடங்கிய ஓசேஜ் மிஷன், இன்றைய நியோஷோ கவுன்டியின் செயின்ட் பால் ஊரில் இருந்தது. அங்கே ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எழுதப்பட்டது. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள், அதனால் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். அடுத்து அரசாங்கம் வருஷாந்தரப் பணம் கொடுக்கும்போது எழுதிய பட்டியல்கள். பணம் கொடுப்பதற்காக மட்டும் அரசாங்கம் ஓசேஜ் பெயர்களைக் கவனமாக எழுதியது.

இங்கே கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. கான்சஸ் நிலம் விற்ற பணத்தில் ஓசேஜ் மக்கள் செரோக்கி மக்களிடமிருந்து சுமார் 14.7 லட்சம் ஏக்கர் வாங்கினார்கள். இன்றைய ஒக்லஹோமாவின் ஓசேஜ் கவுன்டி அதுதான். விலை கொடுத்து வாங்கியதால் உரிமை வலுவாக இருந்தது. 1906-ல் நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும்போது, தரைக்கடியில் இருக்கும் கனிம உரிமையை மட்டும் பிரிக்காமல் இனத்தின் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் 2,229 பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, 'ஹெட்ரைட்' என்று பெயர். பிறகு எண்ணெய் பொங்கியது. 1920-களில் உலகத்திலேயே தலைக்கு அதிக வருமானம் வந்த மக்களில் ஓசேஜ் மக்களும் ஒருவர் ஆனார்கள். பங்கைச் சந்தையில் வாங்க முடியாது, வாரிசாகத்தான் பெற வேண்டும். ஆகவே வாரிசாவதற்காகக் கல்யாணம் செய்துகொண்டார்கள், கல்யாணம் செய்துகொண்டவர்களைக் கொன்றார்கள். 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். 1925-ல், பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவரின் பங்கு ஓசேஜ் அல்லாதவருக்கு வாரிசாகப் போகக்கூடாது என்று காங்கிரஸ் சட்டம் போட வேண்டியிருந்தது.

இங்கல்ஸ் மாதிரிக் குடும்பங்களின் வம்சாவளி இன்று பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தாத்தா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓசேஜ் குடும்பங்களுக்கு அப்படியில்லை. ஹெட்ரைட் பணம் இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டுவாடா ஆகிறது. முழுப் பங்கு, பாதிப் பங்கு, தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து சின்னத் துண்டாகிவிட்ட பங்கு என்று எல்லாம் உண்டு. எல்லாமே அந்த 2,229 பெயர்களில் ஏதோ ஒன்றில் போய் முடிகிறது.